நீலகிரிப் பறவைகள்: நம்புவதும் நடப்பதும்

ஊட்டி என்றால் படகுச் சவாரி, வர்க்கி, யூகலிப்டஸ் தைலம் என்று முடித்துக்கொண்டவர்களில் பலர் இப்போது கழுத்தில் தொலைநோக்கியுடன் மலையேறுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அவர்களோடு கூடவே சில நம்பிக்கைகளும் மலையேறிவிடுகின்றன. சில பாட்டி காலத்தவை, சில வாட்ஸ்அப் காலத்தவை. இன்னும் சில, படித்தவர்களும் அதிகாரிகளும் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிச் சொல்லியே உண்மைபோல் ஆகிவிட்டவை.

முக்கூர்த்தி தேசியப் பூங்கா, முதுமலை புலிகள் காப்பகம், இவற்றைச் சுற்றியுள்ள சோலைகள், புல்வெளிகள், தேயிலைத் தோட்டங்கள், வடக்கே சரிந்து கிடக்கும் சீகூர் பீடபூமி ஆகிய இடங்களை வைத்து அந்த நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம். ஒரு பறவையை அது வாழும் இடத்திலிருந்து பிரித்து யோசிக்கும்போதெல்லாம் நாம் தவறிவிடுகிறோம் என்பது போகப்போகப் புரியும்.

நம்பிக்கை 1: மலை உயர உயரப் பறவை வகைகளும் கூடும்

உண்மை: வகைகளின் எண்ணிக்கை கீழ்ச்சரிவுகளில்தான் அதிகம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டியும், ஊட்டி 2,240 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. 1908இல் ஊட்டி வரை நீட்டிக்கப்பட்ட மலை ரயில் இந்த ஏற்றத்தை 46 கிலோமீட்டரில் கடக்கிறது. அதற்குள் முட்புதர், இலையுதிர்காடு, பசுமைமாறாக் காடு, சோலை, புல்வெளி என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது.

மழையும் ஒரே சீராக இல்லை. மேற்கு விளிம்பு தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கிக்கொள்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அதே மலைக்கு வடக்கே, மழை மறைவில் இருக்கும் சீகூரிலும் மசினகுடியிலும் காடு வறண்டு கிடக்கிறது. கௌதாரி, பஞ்சுருட்டான், மரங்கொத்தி, மயில், பலவகை வல்லூறுகள், கழுகுகள் என்று ஒரு காலைப்பொழுதில் நீண்ட பட்டியல் போட அந்த வறள்காடுதான் ஏற்ற இடம்.

மேலே போனால் பட்டியல் சுருங்கும். ஆனால் நீலகிரி சிரிப்பான், நீலகிரி சோலைக்கிளி, நீலகிரி ஈப்பிடிப்பான், கறுப்பும் ஆரஞ்சும் கொண்ட ஈப்பிடிப்பான், நீலகிரி காட்டுப்புறா, நீலகிரி நெட்டைக்காலி ஆகியவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. எண்ணிக்கை வேண்டுபவருக்கு அடிவாரம் போதும். வேறெங்கும் கிடைக்காததைப் பார்க்க விரும்புபவர்தான் உச்சிக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை 2: புல்வெளி என்பது தரிசு; மரம் நட்டால் பறவைகள் பெருகும்

உண்மை: நீலகிரிக்கு மிகப் பெரிய கேட்டைச் செய்த நம்பிக்கை இதுதான். இதைப் பரப்பியவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் பரப்பினார்கள்.

இந்த மலையின் மேல்தட்டில் இயற்கையாக அமைந்திருப்பது இருவகை நிலம். நீர் ஓடும் மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த சோலை. அவற்றுக்கிடையே உள்ள மேடுகளில் புல்வெளி. மரங்களை வெட்டியதால் உண்டான வெற்றிடம் என்று இந்தப் புல்வெளியைப் பலர் நினைக்கிறார்கள். உறைபனி, பலத்த காற்று, ஆழமற்ற மண் ஆகியவற்றுக்குப் பழகி, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சோலையோடு சேர்ந்தே நிலைத்திருப்பது அது. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தது இந்தப் புல்லைத்தான். பஞ்சுபோல் மழைநீரைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளை ஓடவைப்பதும் இதுவே.

ஆங்கிலேயர் கண்ணுக்கு இது வீணாகக் கிடக்கும் நிலமாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் வந்திறங்கின. விறகுக்கு ஒன்று, தோல் பதனிடும் பட்டைக்கு ஒன்று, பிறகு ஆலைகளுக்குக் கூழ்மரம் என்று விடுதலைக்குப் பின்னும் நடவு தொடர்ந்தது. நட்டது ஒரு பங்கென்றால் சீகை தானாகப் பரவியது பல பங்கு. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் காட்டியது. காரணம் மரத்தோப்புகளும் விவசாயமும்.

இதில் முதல் அடி விழுந்தது நீலகிரி நெட்டைக்காலிக்கு. பழுப்பு நிறம், உடலில் கோடுகள், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உருவம். பார்த்தால் யாரும் வியக்கமாட்டார்கள். புல்லுக்குள் ஓடி இரை தேடி, தரையிலேயே கூடு கட்டும் இந்தப் பறவைக்கு உயர்மலைப் புல்வெளியைவிட்டால் போக்கிடம் இல்லை. சோலைப் பறவைகளில் சில சீகைத் தோப்போடு ஒருவாறு ஒத்துப்போகின்றன. நெட்டைக்காலியால் அது முடியாது. புல்வெளியில் ஒரு மரக்கன்றை நடுகிறவர், அங்கே வாழும் பறவையின் வீட்டுக்குள் சுவர் எழுப்புகிறார்.

இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வந்த தேசிய அறிக்கையும் இதையே வேறு வகையில் சொல்கிறது. எந்த இடத்திலும் வாழப் பழகிய பறவைகள் ஓரளவு தாக்குப்பிடிக்க, புல்வெளி போன்ற குறிப்பிட்ட வாழிடத்தையே நம்பியவை குறைந்துவருகின்றன. ஆகவே உயர்மலைப் பகுதியில் "மரம் நடுவோம்" என்று யாராவது அழைத்தால், எங்கே, என்ன மரம் என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

நம்பிக்கை 3: ஊட்டியில் இருப்பதுதானே கொடைக்கானலிலும் இருக்கிறது

உண்மை: இரண்டு ஊரிலும் குளிர் ஒன்று, சோலை ஒன்று. பறவை மட்டும் ஒன்றில்லை. இடையில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வெப்பமான தாழ்நிலம் நமக்கு ஒரு மணி நேரப் பயணம். குளிர்ந்த சோலையின் தரையோடு தரையாக வாழும் சின்னப் பறவைக்கோ அது கடக்க முடியாத கடல்.

அதனால்தான் கணவாய்க்கு வடக்கே நீலகிரி சோலைக்கிளி, தெற்கே ஆனைமலையிலும் பழனியிலும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி, அதற்கும் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இன்னொன்று என்று ஒரே குடும்பம் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. சிரிப்பான்களின் கதையும் இதேதான். நீலகிரிக்கு ஒன்று, வயநாட்டின் பாணாசுர மலைக்கு ஒன்று, பழனி-ஆனைமலைக்கு ஒன்று, தென்கோடி மலைகளுக்கு ஒன்று என நான்கு. 2017இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இவ்விரு கூட்டங்களும் வேறெங்குமுள்ள உறவினரிடமிருந்து வெகுகாலம் முன்பே பிரிந்தவை என்று காட்டி, இரண்டுக்கும் புதிய பேரினங்களையே உருவாக்கியது. அதற்கு முன் இவற்றை இமயமலைப் பறவைகளின் நெருங்கிய சொந்தமாக நினைத்து அங்குமிங்கும் பெயர் மாற்றிக்கொண்டிருந்தோம்.

இதற்கு நடைமுறையில் ஒரு பொருள் உண்டு. நீலகிரி சிரிப்பானும் நீலகிரி சோலைக்கிளியும் அழியும் ஆபத்தில் உள்ளவை என பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இருப்பவை. நீலகிரியில் அவை தீர்ந்துபோனால், கொடைக்கானலில் இருந்து பிடித்துவந்து இடத்தை நிரப்ப முடியாது. அங்கே இருப்பது வேறு பறவை.

நம்பிக்கை 4: வலசைப் பறவைகள் ஏரிக்குத்தான் வரும்

உண்மை: வலசை என்றதும் வேடந்தாங்கல் நினைவுக்கு வருவதால் வந்த எண்ணம் இது. குளிர்காலத்தில் மலைக்காடுகளுக்கும் பெரும் கூட்டம் வருகிறது. உருவத்தில் சிறியவை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் பெயருக்கேற்பக் காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியா போன்ற மலைநாட்டிலும் கழிக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை, துணைக்கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆண்டுதோறும் போய்வருகிறது. மேற்கு இமயத்தில் கூடு கட்டும் கதிர்க்குருவிகள், இந்திய நீலச்சிட்டு, சோலை ஓரச் சதுப்புகளில் ஒளிந்திருக்கும் காட்டு உள்ளான் ஆகியவையும் இப்படித்தான். காலையும் மாலையும் நேரம் தவறாமல் கூவுவதால் நம் ஊரில் ஆறுமணிக்குருவி என்று பெயர் வாங்கிய தோட்டக்கள்ளனும் வடக்கிலிருந்து வரும் விருந்தாளியே.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ மலை ஓடையின் பாறையில் சாம்பல் வாலாட்டி வந்து வாலை ஆட்டத் தொடங்கினால் வலசைக்காலம் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் வரை அது நீடிக்கும்.

நம்பிக்கை 5: விடியலை விட்டுவிட்டால் அன்றைய நாள் வீண்

உண்மை: விடியல் நல்ல நேரம்தான். ஆனால் மலை அதன் விருப்பப்படிதான் விடியும். மேல்நீலகிரியில் குளிர்காலக் காலை ஏழு மணிக்கும் பனி விலகாமல் கிடக்கும். பூச்சிகள் சூடேறி அசையத் தொடங்கிய பிறகுதான் அவற்றைத் தின்னும் பறவைகளுக்கும் சுறுசுறுப்பு வரும்.

சோலையில் காத்திருந்து பார்க்க வேண்டிய காட்சி கலப்பு வேட்டைக் கூட்டம். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று மரங்கள் முழுக்கப் பறவைகள் நிறைந்துவிடும். சாம்பல்தலை ஈப்பிடிப்பான் நடுமரத்தில், வெள்ளைக்கண்ணிகள் இலை நுனிகளில், பசையெடுப்பான் அடிமரத்தில் தலைகீழாக, சிலம்பன்கள் புதருக்குள் என்று ஆளுக்கொரு தளத்தில் வேலை பார்த்தபடி கூட்டமாக நகரும். பல கண்கள் சேர்ந்தால் வைரி வருவது முன்னரே தெரியும். ஒன்று கிளப்பிவிட்ட பூச்சி இன்னொன்றுக்கு இரையாகும். பத்து நிமிடத்தில் கூட்டம் கடந்துபோய் மறுபடி அமைதி. இது காலை ஒன்பது, பத்து மணிக்கும் நடக்கும், மாலையிலும் நடக்கும்.

கழுகுகளும், பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் பாறுகளும் நடுக்காலை வரை மரத்தைவிட்டு அதிகம் எழாது. வெயில் ஏறி, நிலத்திலிருந்து சூடான காற்று மேலெழுந்த பிறகு, அதில் இறக்கையை விரித்து அலுங்காமல் உயரும். அவற்றைப் பார்க்க விரும்புபவருக்கு முற்பகல்தான் தக்க நேரம்.

நம்பிக்கை 6: பிணந்தின்னிக் கழுகு அருவருப்பானது, கன்றுகளைக் கொல்லும், செல்போன் கோபுரத்தால் அழிந்தது

உண்மை: மூன்றுமே தவறு.

பாறு கழுகுகள் வேட்டையாடும் பறவைகள் இல்லை. பருந்தைப் போல இரையை இறுகப் பற்றிக் கொல்லும் வலு அவற்றின் கால்களுக்குக் கிடையாது. இறந்த விலங்கைத் தேடித் தின்பதே தொழில். நம் பாறுகள் பிணவாடையை மோப்பம் பிடித்து வருவதாகச் சொல்வதும் சரியில்லை. உயரத்திலிருந்து கூர்ந்து பார்த்தும், மற்றொரு பாறு இறங்குவதைக் கவனித்தும்தான் வருகின்றன. அவற்றின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டிப் பிழைப்பதில்லை. ஒரு கூட்டம் இறங்கினால் மாட்டுச் சடலம் சில மணி நேரத்தில் வெறும் எலும்பாகிவிடும். காட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் பறவையை அழுக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அழிவுக்குக் காரணம் எது என்பதில் இப்போது ஐயமே கிடையாது. 1990களின் தொடக்கத்துக்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் காரணத்தைக் கண்டுபிடித்தது. மாடுகளுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் அது. ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்து, அந்தச் சடலத்தைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஒரே சடலத்தில் பல பாறுகள் கூடித் தின்பதால், நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் முழுதும் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவையால் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியவில்லை.

2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015இல் அவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதேபோல் கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை 2023இல் தடைக்குள் வந்தன. பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மருந்து கடைகளில் கிடைக்கிறது.

தென்னிந்தியாவில் மிஞ்சிய பாறுகளுக்குப் பெரிய புகலிடம் நீலகிரியின் வடசரிவுதான். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் உயர்ந்த மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. செங்குத்துப் பாறைகளில் கருங்கழுத்துப் பாறுகள். செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும் இங்கே உண்டு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் எடுத்த கணக்கில் மொத்தம் 320 பாறுகள் பதிவாயின. முந்நூற்றுச் சொச்சம் என்பது மகிழும் எண்ணிக்கை இல்லை. ஆனால் சீகூரில் காட்டை ஒட்டி மாடு வளர்ப்பவரும், அவருக்கு மருந்து தரும் கடைக்காரரும் மனது வைத்தால் இது கூடும்.

நம்பிக்கை 7: ஆந்தை அலறினால் சாவு

உண்மை: ஆந்தை அலறுவது தன் எல்லையை அறிவிக்கவும் இணையை அழைக்கவும். குளிர்மாதங்களில், இனப்பெருக்கக் காலத்தில், அது கூடுதலாகக் கேட்கும். முதியவர்களும் நோயாளிகளும் தாக்குப்பிடிக்கச் சிரமப்படும் பருவமும் அதுவே. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பழியைப் பறவைமேல் சுமத்திவிட்டோம்.

இலங்கைத் தீவின் காடுகளில் 'உலமா' என்ற பேய்ப் பறவையைப் பற்றிப் பழைய கதை உண்டு. பெண்ணொருத்தியின் ஓலம்போல் இரவில் கேட்கும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், வயிற்றில் புள்ளிகள் கொண்ட பெரிய கொம்பன் ஆந்தை என்றே பறவையியலாளர் பலரும் கருதுகிறார்கள். அதே ஆந்தை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிறது. இறகு விளிம்பில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற இழைகள் காற்றின் ஒலியை அடக்கிவிடுவதால் ஆந்தை சத்தமில்லாமல் பறக்கிறது. மலைத்தோட்ட விவசாயிக்கு அது இரவுக் காவலாளி. எலிகளைக் கூலியில்லாமல் ஒழித்துக்கொடுக்கிறது.

நம்பிக்கை 8: ஆண் இருவாச்சி தன் பெண்ணைப் பொந்துக்குள் சிறைவைக்கிறது

உண்மை: பெண் இருவாச்சி தானே உள்ளே போய்த் தானே அடைத்துக்கொள்கிறது. எச்சம், பழக்கூழ், மண் ஆகியவற்றைக் குழைத்துப் பொந்தின் வாயை உள்ளிருந்து பூசி, அலகு நுழையும் அளவுக்குப் பிளவு மட்டும் விடுகிறது. பாம்பும் மரநாயும் குரங்கும் முட்டையை நெருங்காமலிருக்க இந்த ஏற்பாடு. உள்ளே இருக்கும்போது பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடுகிறது. அந்த மாதங்களில் ஆண்தான் அத்திப்பழமும் மற்ற கனிகளும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டுகிறது. அதைச் சுட்டாலோ பிடித்தாலோ உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு உணவு நின்றுவிடும்.

வேழாம்பல் எனப்படும் இருவாச்சி மழைக்காக ஏங்கி வானத்தை அண்ணாந்து பார்த்துத் தவமிருக்கும் என்ற கேரள நம்பிக்கையும் நம் மலையோரங்களில் கேட்கக் கிடைக்கும். இருவாச்சிக்குத் தேவையான நீரில் பெரும்பங்கு கனிகளிலேயே கிடைத்துவிடுகிறது. அது ஏங்குவது பெரிய பொந்துள்ள பழைய மரங்களுக்காக. நீலகிரியின் கீழ்ச்சரிவில் கல்லார், பர்லியார் பக்கம் பெரிய இருவாச்சியையும், கூடலூர்-முதுமலைப் பக்கம் மலபார் சாம்பல் இருவாச்சியையும் காணலாம். விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் போடும் இவை குறைந்தால், கனிமரங்களும் மெல்ல மெல்லக் குறையும்.

நம்பிக்கை 9: கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதில் தப்பில்லை

உண்மை: அந்தப் பறவை உங்களைப் பார்க்க வரவில்லை, சண்டைக்கு வருகிறது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. ஒருவர் ஒருமுறை செய்தால் பெரிய கேடில்லாமல் போகலாம். பெயர்பெற்ற ஒரு சோலையில் வாரம் முழுக்க ஒவ்வொரு குழுவும் அதே சோலைக்கிளிக்கு அதே குரலைப் போட்டால் அது எப்போது தின்பது?

கூட்டுப் படமும் இதே கணக்கில் சேரும். நல்ல படத்துக்காகக் கிளையை ஒதுக்கினால், நம் கண்ணுக்குத் தெரிந்த கூடு காக்கைக்கும் கீரிக்கும் தெரியும். மனித வாடை பட்டால் தாய் குஞ்சைக் கைவிட்டுவிடும் என்பது கட்டுக்கதை. தவறி விழுந்த குஞ்சைக் கூட்டில் திரும்ப வைக்கலாம். ஆனால் கூட்டருகே நாம் நிற்கும் வரை தாய் திரும்பாது என்பது உண்மை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. துப்பாக்கி இல்லாதவரும் வேட்டைக்காரர் ஆகிவிட முடியும்.

நம்பிக்கை 10: செயலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

உண்மை: குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் தொடக்கநிலையில் நல்ல துணை. ஆனால் துடுப்புவால் கரிச்சானுக்கு இந்தச் செயலி பற்றி எதுவும் தெரியாது. அது கழுகின் குரலிலும் சிலம்பனின் குரலிலும் மாறி மாறிப் பேசி, ஒரே மரத்தில் நாலு பறவை இருப்பதாகச் செயலியை நம்பவைத்துவிடும். இலைக்கிளிகளும் இப்படிப் பலகுரல் காட்டுபவை. மேலும், நெருங்கிய உறவினர் கணவாய்க்கு இருபுறமும் இருக்கும் இந்த மலைகளில், இடத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்புவது ஆபத்து. செயலி காட்டும் பெயரைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு கண்ணால் பதில் தேடுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகப் பதிந்துவிட்டால் அந்தப் பிழை அறிவியல் தரவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நம்பிக்கை 11: பெரிய கேமரா இல்லாமல் போய்ப் பயனில்லை

உண்மை: முதலில் தேவை ஒரு நல்ல தொலைநோக்கி. 8x42 என்று அதில் எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இங்கே ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இருண்ட சோலைக்கு அது வேண்டும். மடங்கு கூடக் கூடக் கைநடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் குறுகும். மீதிக்குக் காது போதும். சீகாரப் பூங்குருவியின் விடிகாலைச் சீழ்க்கையைக் கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை.

நம்பிக்கை 12: பூங்காவுக்குள் நடந்து சுற்றினால்தான் நல்ல பறவைகளைப் பார்க்க முடியும்

உண்மை: முதுமலையில் தனியாக நடந்து சுற்ற அனுமதி இல்லை. தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் சுற்றலாம். நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும் குற்றம். வரையாட்டைக் காப்பதற்காக அமைந்த முக்கூர்த்தி, 78 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள சிறிய பூங்கா. அங்கேயும் கட்டுப்பாடு கடுமை. இந்த விதிகளைக் குறைசொல்லத் தேவையில்லை, ஏனென்றால் நீங்கள் தேடும் பறவைகளில் பெரும்பாலானவை பூங்காவுக்கு வெளியேயும் இருக்கின்றன.

தொட்டபெட்டா சாலையோரம், ஊட்டியின் கெய்ர்ன் ஹில், அரசு தாவரவியல் பூங்காவின் மேல்பகுதி ஆகிய இடங்களில் பொறுமையாக நின்றாலே நீலகிரி சிரிப்பானும் நீலகிரி ஈப்பிடிப்பானும் கண்ணில் படலாம். தவிட்டுப்பழம் பழுக்கும் காலத்தில் அந்தப் புதர்களைச் சிரிப்பான்கள் சுற்றிக்கொண்டிருக்கும். கோத்தகிரியில் 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை 2024 ஜனவரியில் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஊர்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த இந்தச் சோலை, கீழேயுள்ள கிராமங்களுக்குத் தண்ணீரும் தருகிறது. வனத்துறை அனுமதி பெற்று இதைப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமையும் சிறுத்தையும் கரடியும் நடமாடுகின்றன, சீகூரில் எந்தத் திருப்பத்திலும் யானை நிற்கலாம். தொலைநோக்கியில் கண்ணை வைத்தவருக்குப் பக்கவாட்டில் வருவது தெரியாது. இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளைச் சேர்ந்த வழிகாட்டிகள் பலர் இங்கே உண்டு. உரிய கூலி கொடுத்து அவர்களுடன் போங்கள். பறவையும் கூடுதலாகத் தெரியும், உயிருக்கும் பாதுகாப்பு.

இனி நீங்கள் செய்யக்கூடியது

2023 தேசிய அறிக்கை 942 வகைப் பறவைகளின் நிலையை மதிப்பிட்டது. அதற்கு ஆதாரம், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக்கும் மேலான குறிப்புகள். அவர்களில் மிகப் பலர் உங்களையும் என்னையும் போலச் சொந்த வேலைக்கிடையே பறவை பார்ப்பவர்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலோ பிப்ரவரியில் நடக்கும் உலகக் கணக்கெடுப்பிலோ கால் மணி நேரம் ஒதுக்கினால் நீங்களும் அதில் ஒருவர்.

அடுத்த முறை மலையேறும்போது குரல் ஒலிபரப்பை அணைத்துவிடுங்கள், கூட்டைக் கண்டால் விலகிப்போங்கள், பார்த்ததை மட்டும் பார்த்த இடத்தோடு சேர்த்து எழுதுங்கள். உங்கள் ஊரில் யாராவது மாடு வளர்த்தால், வலிக்கு மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். புல்வெளியில் மரம் நட அழைத்தால் மறுத்துவிடுங்கள்.